ஆடாத விமானம்

பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணிக்குப் போகும் பேருந்தில் மடியில் உட்காரவைத்த ஒன்றரை வயதுக் குழந்தை, வண்டி ஊர் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் கண் செருகிவிடும். இன்ஜின் இரைச்சல், நடத்துநரின் விசில், ஜன்னல் வழியே வரும் வெக்கை, பக்கத்தில் நிற்பவரின் பை வந்து இடிப்பது, எதுவும் அதை எழுப்பாது. அதே குழந்தையை மெத்தை இருக்கையும் போர்வையும் மங்கலான விளக்கும் இருக்கிற விமானத்தில் ஏற்றி துபாய்க்கும் அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கும் கூட்டிப்போனால், தூங்குவதற்கு எல்லா வசதியும் இருந்தும் தூங்காது, உட்காரவும் உட்காராது. மகனோ மகளோ வெளிநாட்டில் வேலை பார்க்கும் குடும்பங்களில் இந்தப் பயணம் இன்று சாதாரணம். அதற்காகச் செய்யப்படும் ஏற்பாடுகளில் முக்கால்வாசி, குழந்தையின் கவனத்தை எப்படித் திருப்புவது என்பதைப் பற்றியவை: புது பொம்மை, பிஸ்கட், செல்போனில் இறக்கிவைத்த பாட்டு. குழந்தைக்கு அங்கே குறைவது கவனத்துக்குத் தீனி இல்லை, அசைவு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். பேருந்தில் கிடைப்பதும் விமானத்தில் கிடைக்காததும் அதுதான்.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பொருளுக்குள் அசைவு இல்லை என்பது முதலில் வேடிக்கையாகத்தான் தோன்றும். ஆனால் நம் உடம்புக்கு வேகத்தை அளக்கும் கருவி கிடையாது. வேகம் மாறுவதை அளக்கும் கருவிதான் உண்டு. உள்காதில் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதைச் சொல்கின்றன. அவற்றின் அடியில் உள்ள இரண்டு சிறு பைகளில், கூழ் போன்ற படலத்தின் மேல் சுண்ணாம்புத் துகள்கள் பதிந்திருக்கின்றன. உடம்பு முன்னே தள்ளப்பட்டால் அந்தத் துகள்கள் ஒரு கணம் பின்தங்கும். அடியில் உள்ள மெல்லிய மயிர்கள் வளையும். மூளைக்குச் செய்தி போகும். ஒரே சீரான வேகத்தில் நேர்கோட்டில் போகும்போது துகள்களும் உடம்போடு சேர்ந்தே போவதால் மயிர் வளைவதில்லை. ஆகவே 35,000 அடி உயரத்தில் சீராகப் பறக்கும் விமானம், உள்காதைப் பொறுத்தவரை, அசையாத ஓர் அறை. பொதட்டூர்பேட்டைப் பேருந்தோ ஒவ்வொரு வேகத்தடையிலும் வளைவிலும் நிறுத்தத்திலும் அந்தத் துகள்களை உலுக்கிக்கொண்டே போகிறது.

இந்த உலுக்கலை வீட்டுக்குள்ளேயே உண்டாக்க நம்மிடம் ஒரு பழைய கருவி இருக்கிறது. தூளி என்றும் ஏணை என்றும் சொல்கிறோம். எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திரத்து நகரியில், உய்யாலா என்பார்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சேலையை உத்தரத்திலோ கொக்கியிலோ போட்டு, தலைப்புகளைச் சேர்த்து முடிந்து, உள்ளே குழந்தையைக் கிடத்தினால், அது ஓர் ஊசல். ஊசல் ஒரு முறை போய் வரும் நேரம் தொங்கும் நீளத்தைத்தான் பொறுத்தது, கனத்தைப் பொறுத்ததில்லை. மூன்று கிலோக் குழந்தையும் பத்து கிலோக் குழந்தையும் ஒரே தாளத்தில்தான் ஆடும். இரண்டு மீட்டர் தொங்கும் தூளிக்குக் கணக்குப் போட்டால் ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 2.8 வினாடி வருகிறது. ஒன்றரை மீட்டருக்கு 2.5 வினாடி. ஒவ்வொரு ஆட்டத்திலும் வேகம் கூடுகிறது, குறைகிறது, ஒரு கணம் நிற்கிறது, திசை மாறுகிறது. தலையும் லேசாகச் சாய்ந்து நிமிர்கிறது. உள்காதுக்கு ஓயாத வேலை. தறிகள் ஓடும் பொதட்டூர்பேட்டையில் தூளி கட்டும் அந்தச் சேலையும் உள்ளூர்ச் சரக்காகவே இருக்கலாம். (தூளியைப் பற்றிப் பெருமை பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. எழுந்து உட்காரத் தெரிந்த குழந்தையை அதில் தனியாக விட்டு, சேலை கழுத்தில் சுற்றிய விபத்துகள் நம் நாட்டு மருத்துவப் பதிவுகளில் உண்டு.)

ஆட்டினால் தூக்கம் வரும் என்பது பாட்டிமாருக்குத் தெரிந்த செய்திதான். ஏன் வருகிறது என்பதைச் சோதனைச்சாலைக்காரர்கள் தேடத் தொடங்கியது சமீபத்தில். 2011இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் 12 ஆண்களை நான்கு வினாடிக்கு ஒரு முறை மெதுவாக ஆடும் கட்டிலில் மதியத் தூக்கம் போடவைத்தார்கள். ஆடாத கட்டிலைவிட அதில் சீக்கிரம் தூங்கினார்கள், தூக்கமும் ஆழமாக இருந்தது. 2019இல் 18 இளைஞர்களை இரவு முழுக்க அப்படி ஆட்டிப் பார்த்தபோதும் ஆழ்ந்த தூக்கம் கூடியது. அதே ஆண்டு லோசான் நகரில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வுதான் நம் வாதத்துக்கு முக்கியமானது. சாதாரண எலிகள் ஆட்டினால் சீக்கிரம் தூங்கின. உள்காதின் அந்தச் சுண்ணாம்புத் துகள் அமைப்பு பிறவியிலேயே வேலை செய்யாத எலிகளுக்கு எவ்வளவு ஆட்டியும் ஒன்றும் ஆகவில்லை. அசைவு தூக்கமாக மாறும் வழி உள்காதின் வழியே போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2013இல் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அழும் கைக்குழந்தையைத் தாய் மடியில் வைத்து உட்கார்ந்திருப்பதற்கும் தூக்கிக்கொண்டு நடப்பதற்கும் பெரிய வேறுபாடு இருந்தது. நடந்தபோது அழுகை குறைந்தது, கைகால் உதறுவது நின்றது, இதயத் துடிப்பும் சட்டென்று தணிந்தது. எலிக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு ஓடும்போதும் இதுவே நடந்தது. ஆபத்தில் தூக்கிக்கொண்டு ஓடும் தாய்க்குக் குட்டி ஒத்துழைக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட பழைய அனிச்சைச் செயலாக இது இருக்கலாம்.

இதுவரை சொன்னது தூங்கவேண்டிய நேரத்துக்கு. விழித்திருக்கும் நேரத்துக்குக் கணக்கு வேறு, அதுதான் இன்னும் பெரிய கணக்கு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழுவினர், நடை பழகும் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தம் போக்கில் விளையாடும்போது எத்தனை அடி வைக்கிறார்கள் என்று எண்ணி 2012இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 அடி, 701 மீட்டர், 17 விழுகை. திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆக, நடை பழகும் குழந்தை ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் படிக்கட்டின் எண்ணிக்கையை ஆறரை முறை கடக்கிறது, நடுவில் பதினேழு முறை விழுந்து எழுகிறது. பதினைந்து மணி நேரப் பயணத்தில் எட்டு மணி நேரம் விழித்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், இந்தக் கணக்கில் ஏறத்தாழ 19,000 அடி, ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு நடையையும் அறுபது, எழுபது சென்டிமீட்டர் இடுக்குக்குள் மடக்கிவைக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிட உடலசைவு வேண்டும் என்கிறது. தள்ளுவண்டியிலோ முதுகிலோ தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நீண்ட தூர விமானம் இந்த இரண்டையும் ஒரே நாளில் மீறுகிறது.

பொம்மை கொடுத்தால் உட்காராதா? இதையும் அடால்ஃப் குழுவினர் சோதித்தார்கள். 2019இல் வந்த அவர்களுடைய கட்டுரையின்படி, பொம்மைகள் நிறைந்த அறையிலும் பொம்மையே இல்லாத அறையிலும் குழந்தைகள் ஏறக்குறைய ஒரே அளவுக்கே நடமாடினார்கள். எங்கோ போய்ச் சேருவதற்காக அவர்கள் நடப்பதில்லை. நடை நடுவழியில் எங்காவது நின்றுவிடும், பிறகு வேறு பக்கம் தொடங்கும். நடப்பதே வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டு விமான இருக்கையில் ஒரு குழந்தையைக் கவனித்தால் காட்சி மாறிவிடுகிறது. மடியில் எழுந்து நிற்கிறது, சரிகிறது, மறுபடி நிற்கிறது. முன்இருக்கையின் முதுகை உள்ளங்காலால் தள்ளுகிறது. சாப்பாட்டுத் தட்டைத் திறந்து மூடித் திறக்கிறது. ஸ்பூனைக் கீழே போட்டு, யாராவது எடுத்துத் தந்ததும் மறுபடி போட்டு, அது விழும் இடத்தை எட்டிப் பார்க்கிறது. முன்இருக்கைக்காரருக்கு இது குறும்பு. குழந்தைக்கு, நடையாகச் செலவாகியிருக்க வேண்டிய முயற்சி கிடைத்த இடுக்கில் வழிந்து ஓடுகிறது.

இதற்குப் போட்டியாக எல்லோரும் சொல்லும் காரணம் காதுவலி. அது உண்மையான காரணம்தான், ஆனால் அதற்குரிய நேரம் குறைவு. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் வைக்கப்படுகிறது. ஊட்டியில் இருப்பதைவிடக் கொஞ்சம் உயரம், தொட்டபெட்டாவைவிடத் தாழ்வு. இறங்கும்போது அழுத்தம் கூடும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்தால்தான் இரு பக்க அழுத்தமும் சமமாகும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டையாகவும் குறுகலாகவும் படுக்கைவாட்டிலும் இருக்கிறது. விழுங்கினால் திறக்கும், அதனால்தான் இறங்கும் நேரத்தில் பால் கொடுக்கச் சொல்கிறார்கள், அது சரியான யோசனை. சளி பிடித்திருந்தால் வலி கூடும். ஆனால் ஏறும், இறங்கும் நேரம் இரண்டையும் கூட்டினாலும் ஒரு மணி நேரத்தைச் சுற்றித்தான் வரும். நடுவே கிடக்கும் பதினாலு மணி நேரத்தில் அழுத்தம் பெரிதாக மாறுவதில்லை. அந்த நேரத்துச் சிணுங்கலுக்குக் காதைக் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் காரமானது: குழந்தையை அடக்கி வளர்க்கத் தெரியாதவர்களுக்கு அறிவியல் சாக்குக் கொடுக்கிறது. இந்தக் கருத்து பக்கத்து இருக்கையிலிருந்து மட்டும் வருவதில்லை. ஊரிலிருந்து கூடவே வரும் பாட்டியிடமிருந்தும் வரும். ஆனால் வந்த ஆசையை அடக்கிக் காத்திருக்கும் திறன் மூளையின் நெற்றிப் பகுதியின் வேலை. அது மூன்று, நான்கு வயதில்தான் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முளைவிடுகிறது, முழுதாக முதிர இருபது வயதும் தாண்டுகிறது. ஒன்றரை வயதில் அதட்டினால் குழந்தை ஒரு கணம் உறையும், பிறகு அழும். “இன்னும் பத்து மணி நேரம் பொறு” என்ற சொல் போய்ச் சேர உள்ளே ஆள் இன்னும் வரவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்த நியாயம் முழுதாகப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வயதில் கதை சொல்லி உட்காரவைக்கலாம், பேரம் பேசலாம். எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதும் உண்மை. சில குழந்தைகள் ஏறிய உடனே தூங்கி இறங்கும்போதுதான் விழிக்கும். சராசரி என்றால் மேலேயும் கீழேயும் ஆட்கள் இருப்பார்கள். அப்படித் தூங்கும் குழந்தைகளின் பெற்றோர் அதைத் தம் வளர்ப்பின் சாதனையாகச் சொல்லிக்கொள்வதில்தான் எனக்குச் சந்தேகம்.

மருந்து கொடுத்துத் தூங்கவைப்பது என்ற பேச்சைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் சான்று தெளிவாக இருக்கிறது. தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்தான டைஃபென்ஹைட்ரமினை 6 முதல் 15 மாதக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2006இல் வெளிவந்தது. மருந்து பெற்ற 22 பேரில் ஒருவருக்கும் வெறும் சர்க்கரைத் தண்ணீர் மாதிரியான போலி மருந்து பெற்ற 22 பேரில் மூவருக்கும் இரவுத் தூக்கம் மேம்பட்டது. பயனில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். சில குழந்தைகளுக்கு இந்த வகை மருந்து நேர்மாறாகப் படபடப்பையும் துள்ளலையும் தரும், அதுவும் மேலே போன பிறகுதான் தெரியவரும். இந்தியாவில் குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று புட்டியிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்த பிறகு, கைவசம் இருக்கும் சிரப்பை ஒரு மூடி ஊற்றும் பழக்கத்துக்குப் பரிந்து பேச எதுவும் மிச்சமில்லை.

செல்போன் விஷயத்தில் அவ்வளவு கறாராக இருக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தைநல மருத்துவக் கழகத்தின் நிலை, அது அன்றாட வாழ்க்கைக்குச் சரியான நிலை. வாழ்நாளில் ஒரு நாள், ஆகாயத்தில் மாட்டிக்கொண்ட நேரத்தில், அரை மணி நேரப் பாட்டு யாரையும் கெடுத்துவிடாது. சிக்கல் வேறு. திரை குழந்தையை அசையாமல் நிறுத்துகிறது, அசைவின் தேவையைத் தீர்ப்பதில்லை. போனை வாங்கியதும் அந்தக் கடன் அப்படியே திரும்பி வரும். வெளிச்சமும் தூக்கத்துக்கு எதிரி. மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளை மாலையில் ஒரு மணி நேரம் 1,000 லக்ஸ் வெளிச்சத்தில் விளையாடவிட்ட அமெரிக்க ஆய்வில் (2018), தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுமார் 88 சதவீதம் குறைந்தது. விளக்கை அணைத்து 50 நிமிடம் ஆன பிறகும் பெரும்பாலோருக்கு மீளவில்லை. போன் திரை அவ்வளவு பிரகாசமானதில்லைதான். என்றாலும் அதைப் பேச்சுத்துணையாக விழிப்பு நேரத்தில் வைத்துக்கொள்ளலாம், தூக்க மருந்தாக நினைத்து இருட்டில் நீட்டுவது வீண்.

கனமான ஆட்சேபம் பாதுகாப்பு பற்றியது. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன எஸ்க்யூ 321 விமானம் மியன்மாருக்கு மேலே திடீரென்று குலுங்கியது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள், ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். இதைப் படித்த பிறகும் குழந்தையை நடக்கவிடச் சொல்லலாமா என்று கேட்பது நியாயம். என் பதில்: பெல்ட் விளக்கு எரியும்போது எந்த வாதமும் செல்லாது, அழுதாலும் கட்டத்தான் வேண்டும். விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் பெரியவர்கள் கழிவறைக்குப் போகவும் ரத்தம் உறையாமல் இருக்கக் காலாறவும் நடப்பதை விமான நிறுவனங்களே அனுமதிக்கின்றன. குழந்தைக்கும் அதே ஆபத்துதான், அதே அளவுக்கு நியாயமும் உண்டு. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பெரியவர் பின்னாலேயே போக வேண்டும். சூடான காபி வரும் தள்ளுவண்டி வழியில் இருக்கும்போது போகக் கூடாது.

இந்த வாதத்தை ஏற்றால் டிக்கெட் வாங்கும் முறையே கொஞ்சம் மாறும். இறங்கி ஏறுவது தொல்லை என்று நாம் நேரடி விமானத்தைத் தேடுகிறோம். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேராகப் பறக்கத் தொடங்கியபோது அது வரமாகத் தெரிந்தது. பெரியவர்களுக்கு வரம்தான், பதினாறு, பதினேழு மணி நேரம் ஒரே இடத்தில் கிடப்பது நடை பழகும் குழந்தைக்குத் தண்டனை. சென்னையிலிருந்து துபாய் வழியே போனால் நாலு மணி, பிறகு பதினைந்து, பதினாறு மணி என்று பங்கு ஏறுமாறாக விழுகிறது. பிராங்க்பர்ட் வழியே போனால் பத்தும் பதினொன்றரையுமாகப் பாதிப் பாதி, நடுவே ஓடியாட ஒரு விமான நிலையம். விமானம் ஏறும் முன்பே கணக்கு தொடங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பொதட்டூர்பேட்டையிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர், காரில் மூன்று மணி நேரம். வரிசைகளில் இன்னும் மூன்று. விமானம் ஏறுவதற்கு முந்தைய கடைசி ஒரு மணி நேரத்தில் குழந்தையைத் தள்ளுவண்டியில் அமுக்கிவைத்து “சமர்த்தாக” இருக்கவைப்பவர்கள், அமைதியைத் தப்பான இடத்தில் செலவழிக்கிறார்கள். ஏறும் அழைப்பு வரும்வரை நடக்கவிடுவது லாபம். உள்ளே, விமானத்தின் எகானமிப் பகுதி 30 மீட்டர் நீளம் என்று வைத்தால், 701 மீட்டருக்குப் பன்னிரண்டு நடை போய் வரவேண்டும். யாராலும் முடியாது. மணிக்கு இரண்டு மூன்று நடை போனாலே, ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

தூக்கத்துக்கு ரிக்கென் குழுவினரின் 2022 ஆய்வு கைகொடுக்கிறது. 7 மாதம் வரையிலான 21 குழந்தைகளில், அழுபவர்களைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் நடந்தபோது அழுகை அடங்கியது, பாதிப் பேர் அளவுக்குத் தூங்கியும் போனார்கள். கீழே கிடத்தியதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழித்துக்கொண்டார்கள், முதுகு படுக்கையில் பட்டதால் அல்ல, தாயின் உடம்பிலிருந்து பிரிந்த அந்தக் கணத்தில். தூங்கிய பிறகு ஐந்திலிருந்து எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருந்து கிடத்தியவர்கள் தப்பித்தார்கள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இது அப்படியே பொருந்தும் என்று யாரும் நிரூபிக்கவில்லை; கைக்குழந்தைக்கு நடந்ததை நான் நீட்டிப் பார்க்கிறேன். ஆனாலும் பேருந்தில் தூங்கும் குழந்தைக்கும் உள்காது இருக்கிறது. விமானத் தொட்டில் பொதுவாகப் பத்து, பதினொரு கிலோவரைதான் தாங்கும். ஒன்றரை வயதுக் குழந்தையின் சராசரி எடையும் அதேதான். அதாவது தொட்டில் கைவிடும் வயதும் நடை வெறி பிடிக்கும் வயதும் ஒன்றாகவே வருகின்றன. தோளில் போட்டு, சேலையாலோ துண்டாலோ அணைத்து, பின்பக்கச் சமையல் மேடைக்கருகே ஐந்து நிமிடம் ஒரே தாளத்தில் நடப்பவர்தான் அங்கே தூளி. இரண்டு பெரியவர்கள் மாற்றி மாற்றிச் செய்தால் முதுகு தாங்கும்.

போய்ச் சேர்ந்த பிறகும் பல நாளுக்கு இரவு பகலாகவே இருக்கும். சான் பிரான்சிஸ்கோ நம்மைவிடப் பன்னிரண்டரை அல்லது பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, உடம்பின் கடிகாரமோ நாளுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி என்றுதான் நகரும். அதை நகர்த்தும் கை காலை வெளிச்சம். ஆகவே முதல் நாளே விடிந்ததும் குழந்தையை வெளியே பூங்காவில் விட்டால் நடையும் வெளிச்சமும் ஒன்றாகக் கிடைக்கும். இரவு இரண்டு மணிக்கு விழித்து விளையாடக் கூப்பிடும்போது பழைய ஞாபகத்தில் பெரியவர்கள் தூளி கட்டக் கூரையைப் பார்ப்பார்கள். அந்த நாட்டு வீடுகளில் கூரைக்குக் கீழே அடித்திருப்பது ஜிப்சம் பலகை. உள்ளே மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று தேடிப் பிடித்து முடுக்காவிட்டால் கொக்கி பலகையோடு பெயர்ந்து வரும். அதனால்தான் பிரித்துப் பூட்டும் இரும்பு ஸ்டாண்டும் ஸ்பிரிங்கும் ஊரிலிருந்து பெட்டியில் போகின்றன. ஸ்டாண்டின் உயரம் குறைவு, தொங்கும் துணி ஒரு மீட்டர் தேறினால் அதிகம். அது இரண்டு வினாடிக்கு ஒரு முறை ஆடும், ஊரில் ஆடியதைவிடக் கொஞ்சம் வேகமாக.